குன்னூர் மூடுபனியும் ஒரு துருப்பிடித்த தொட்டியும்

குன்னூரில் ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியைப் பராமரிக்கிறேன். கசடு வாரும் இரும்புக் கை, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே செதில் செதிலாக உதிர்ந்தது. நீருக்குள் இருந்த பகுதி ஓரளவு நன்றாகவே இருந்தது. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடை ஈரப் பரப்பில் வாழும் பாக்டீரியாக்கள் கந்தக அமிலமாக மாற்றிவிடுகின்றன. அதுதான் இரும்பைத் தின்றது.

முதல் தடவை கம்பித் தூரிகையால் தேய்த்து, எபாக்சி என்ற துருத்தடுப்புப் பிசின் பூச்சைப் பூசினோம். இரண்டே மாதத்தில் கொப்புளம். கண்ணுக்குத் தெரியாத பனி ஈரத்தின் மேல் பூசியிருக்கிறோம்!

மறுமுறை தொட்டியைக் காலி செய்து, காற்றோட்டம் கொடுத்து, வாயு மீட்டரால் சோதித்த பிறகே வெல்டரை இறக்கினேன். இதில் சமரசமே கிடையாது. மெலிந்த தகட்டை மாற்றினோம். இரும்பில் படிந்திருந்த உப்பை நல்ல நீரால் கழுவி, கிரிட் பிளாஸ்டிங் செய்தோம்; அதாவது, கூரான துகள்களைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சித் துருவை அகற்றினோம். அதன்பின் காத்திருப்புதான். இரும்பின் வெப்பம், பனி படியும் வெப்பநிலையைவிட 3 டிகிரி செல்சியஸாவது கூடுதலாக இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். பிப்ரவரியில்கூட முற்பகல் 11 முதல் பிற்பகல் 3 மணி வரைதான் அது வாய்த்தது. வெல்டிங் ஓரங்களிலும் போல்ட் முனைகளிலும் பூச்சு மெலிந்துவிடும். அங்கே முதலில் தூரிகையால் தனியாக ஒரு பூச்சு கொடுத்தோம்.

மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. ஒரு கொப்புளம்கூட இல்லை.