திருவண்ணாமலை மண்சரிவு அபாயத்தை நாமே வரைபடமாகப் போடுவது எப்படி?

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலையில் மண்ணும் பாறையும் சரிந்து, அடிவாரத்து வீட்டில் இருந்த ஏழு பேர் இறந்துபோனார்கள். இங்கே சென்னை வியாசர்பாடியில் எங்கள் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் வடியவே இல்லை. மாதாமாதம் கிரிவலம் போகும் அம்மா, "அந்த மலை எப்படிடா சரியும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்காகத்தான் இதைக் கற்றுக்கொண்டேன்.

முதலில் வரைபடம் போட உதவும் கியூஜிஐஎஸ் (QGIS) மென்பொருளை இறக்குங்கள், இலவசம்தான். அடுத்து அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்ஸின் எர்த் எக்ஸ்ப்ளோரர் (EarthExplorer) தளத்தில் கணக்கு தொடங்கி, 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரில் அளந்த எஸ்ஆர்டிஎம் (SRTM) உயரத் தரவை எடுங்கள். நமக்கு வேண்டிய துண்டு என்12 இ079 (N12E079), அதாவது வடக்கு 12, கிழக்கு 79 டிகிரியில் தொடங்குவது.

இப்போது கவனம். இந்தக் கோப்பில் நீள அகலம் டிகிரியில் இருக்கும், உயரம் மட்டும் மீட்டரில் இருக்கும். அப்படியே சரிவைக் கணக்கிட்டதில் எனக்கு வயல், ரோடு எல்லாமே 89 டிகிரி என்று வந்தது, காரணம் புரிய ஒரு நாள் போனது. அதனால் முதலில் ராஸ்டர் மெனுவில் வார்ப் போய் எல்லாவற்றையும் மீட்டரில் அளக்கும் ஈபிஎஸ்ஜி (EPSG) 32644 என்ற வரைபட முறைக்கு மாற்றுங்கள், கட்ட அளவு, அதாவது ஒவ்வொரு சதுரத்தின் பக்கமும், 30 மீட்டர் கொடுங்கள். சென்னைக்கும் இதே எண்தான். நீலகிரி என்றால் 32643.

சரி, இனி ராஸ்டர், அனாலிசிஸ், ஸ்லோப். வந்ததை மூன்றாகப் பிரியுங்கள்: 15 டிகிரிக்குக் கீழே பச்சை, 25 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. மழையைச் சேர்க்க வேண்டாம், ஒரே மலைக்கு எல்லாப் பக்கமும் ஏறக்குறைய அதே மழைதான்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதுதான் வருத்தம். சிவப்பு நிறம் மலைமேல் இருக்கும், மனிதர்கள் இருப்பது கீழே பச்சையில். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மேலே சரிந்தது ஆற்றோடு சுமார் 8 கிலோமீட்டர் ஓடி வந்துதான் சூரல்மலை ஊரை அழித்தது. அதனால் ஓடை வழிகள் கட்டாயம் வேண்டும். ப்ராசஸிங் பெட்டியில் கிராஸ் (GRASS) பிரிவின் ஆர்.வாட்டர்ஷெட் (r.watershed) கருவியைத் திறந்து, குறைந்தபட்ச அளவாக 100 கட்டம் கொடுங்கள். அதாவது குறைந்தது 9 ஹெக்டேர் மழைநீர் வந்து சேரும் வழிகள் கோடாக வரும்.

அப்புறம் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது வரைபடத்திலிருந்து தரவு எடுக்கும் குவிக்ஓஎஸ்எம் (QuickOSM) செருகுநிரலில் கட்டடங்களை எடுத்து மேலே போடுங்கள். சிவப்பிலிருந்து இறங்கும் ஓடைக்கோடு எந்த வீடுகளைத் தொடுகிறதோ, அந்தத் தெருக்களுக்கு வட்டம் போடுங்கள்.

கடைசியாக, இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பூகோஷ் தளத்தில் உங்கள் மலைக்கு மண்சரிவு வரைபடம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒத்துவரவில்லை என்றால் அவர்களுடையதையே நம்புங்கள். நம் கட்டம் 30 மீட்டர், ஒரு சின்ன வீட்டைவிடப் பெரியது, இன்ன வீடு என்று விரல் வைத்துச் சொல்ல இது போதாது.