எல்லாரையும் ஒரே ஸ்பெஷல் கிளாஸில் உட்கார வைக்காதீர்கள்: நடுநிலைப் பள்ளியில் மூன்று அடுக்கு உதவி

காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கொடுத்த மறுநாள் பெரும்பாலான பள்ளிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். 35க்குக் கீழே எடுத்தவர்கள் பட்டியல் தயாராகும், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் என்று அறிவிப்பு வரும், அங்கே முக்கிய வினாக்களை ஐந்து முறை எழுதச் சொல்வோம். டெங்கு வந்து மூன்று வாரம் வராத பெண், எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க வராத பையன், பாடம் தெரிந்தும் வீட்டுச் சண்டையில் ராத்திரி தூங்காமல் வரும் பிள்ளை, மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதே வினாவை எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏதோ கொஞ்சம் பயன் இருக்கும். மற்ற இருவருக்கும் கை வலிதான் மிச்சம்.

இதற்கு மாற்றாக அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக நடப்பது மூன்று அடுக்கு ஏற்பாடு. அங்கே 2004இல் சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு என்று முடிவு கட்டும்முன் கூடுதல் உதவி கொடுத்து அவன் எப்படி முன்னேறுகிறான் என்று பார்க்கலாம் என வழி திறந்தார்கள். முதல் அடுக்கு எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கும் நல்ல வகுப்பு, இரண்டாவது சின்னக் குழுவாக நடக்கும் கூடுதல் உதவி, மூன்றாவது ஓரிருவருக்குத் தனியாக. 100 பேரில் 80 பேருக்கு முதல் அடுக்கே போதும், 15 பேருக்கு இரண்டாவது, 5 பேருக்கு மூன்றாவது என்று ஒரு குத்துமதிப்புக் கணக்கும் சொல்வார்கள். நம் ஆறாம் வகுப்பில் போய்ப் பார்த்தால் இந்தக் கணக்கு பல இடங்களில் தலைகீழாக இருக்கும். பாதி வகுப்புக்கு இரண்டாவது அடுக்கு தேவைப்படுகிறது என்றால் முதல் அடுக்கே சரியில்லை, அதைத்தான் முதலில் தொட வேண்டும். இன்னொன்று, அடுக்கு என்பது உதவிக்குத்தான், பிள்ளைக்கு அல்ல. ஒரே பையன் கணக்கில் முதல் அடுக்கிலும் வாசிப்பில் இரண்டாவதிலும் இருக்கலாம், எட்டு வாரத்தில் வெளியே வந்தும் விடலாம்.

தமிழ்நாட்டில் இது முழுக்கப் புதிது என்றும் சொல்ல முடியாது. தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் தொடங்கியபோதே பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துத்தான் பிரித்தார்கள், 2025-26இல் 6 முதல் 9 வகுப்பு வரை பின்தங்கிய பிள்ளைகளுக்கு அடிப்படையைச் சொல்லிக் கொடுக்கும் திறன் இயக்கம் வந்தது. உங்கள் பள்ளியில் இவை ஓடுகின்றன என்றால் அந்தத் தேர்வு விவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் இன்னொரு பதிவேடு வேண்டாம். பதிவேடு எழுதுவதிலேயே சாகிற நமக்கு இன்னொன்று எதற்கு?

யாருக்கு என்ன தேவை என்று கண்டுபிடிப்பது

ஜூன் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள், பக்கத்தில் பார்த்து எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் வராண்டாவுக்குத் தனியாகக் கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் வகுப்பில் அதிகம் புழங்காத ஒரு பத்தியைக் கொடுத்து ஒரு நிமிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கையில் உள்ள நகலில் தப்பாகப் படித்த சொல்லை அடித்துக்கொண்டே வந்து, சரியாகப் படித்த சொற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 40 பேர் வகுப்புக்கு இரண்டு பீரியட் ஆகும், அவ்வளவுதான். மற்ற பிள்ளைகள் காதில் விழாத தூரம் முக்கியம். கணக்குக்கு, கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும், 2005 முதல் வரும் அசர் ஆய்வில் கேட்கும் மாதிரியே போதும்: கடன் வாங்கிக் கழிக்கும் இரண்டு இலக்கக் கணக்கு இரண்டு, மூன்று இலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கும் கணக்கு ஒன்று.

எண்ணிக்கையை விட எங்கே தடுக்குகிறது என்பதை எழுதி வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒருவனுக்கு உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் அத்துப்படி, ஆனால் கெ, கே வந்ததும் நிற்பான், ஏனென்றால் கண்ணுக்கு முதலில் கொம்பு வருகிறது, வாய்க்குப் பிறகுதான் அந்த ஒலி வருகிறது. கொ, கோ இன்னும் மோசம், இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். இன்னொருத்தி ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி முடிப்பதற்குள் சொல்லின் தொடக்கத்தை மறந்துவிடுவாள். மூன்றாவது ஒருவன் கடகடவென்று படித்துவிட்டு, ‘இதில் யார் எங்கே போனார்கள்?’ என்று கேட்டால் திருதிருவென முழிப்பான். முதல் பையனுக்குத் துணையெழுத்துப் பயிற்சி (கொம்பு, கால் மாதிரிக் குறிகள்), அந்தப் பெண்ணுக்குத் திரும்பத் திரும்பப் படித்து வேகம் ஏற்றுவது, மூன்றாமவனுக்குப் படித்ததைத் தன் வாயால் சொல்ல வைப்பது. மூன்று பேரும் தேர்வில் ஒரே மார்க் எடுத்திருக்கலாம், அந்த மார்க் உங்களுக்கு எதையும் சொல்லாது. ல, ள, ழ குழப்பத்தை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள், அது வேறு சமாச்சாரம், நன்றாகப் படிக்கிறவனுக்கும் இருக்கும்.

நடத்தைக்குத் தேர்வு எதுவும் வேண்டாம். வருகைப் பதிவேடு, தாமதமாக வந்த நாள், ஹெச்.எம். அறைக்கு அனுப்பப்பட்ட தடவை, நோட்டு வைக்காத நாள், இவற்றைப் பார்த்தாலே பெயர்கள் வந்துவிடும். கூடவே, யாரும் புகார் சொல்லாத, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிள்ளைகள் யார் என்று ஒவ்வொரு ஆசிரியரிடமும் கேளுங்கள். வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் காலம் தள்ளும் பெண் பிள்ளைகள் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

எந்த அடுக்கையும் தொடும்முன் கண், காது, வயிறு. கரும்பலகை தெரியாதவனுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுத்து என்ன ஆகப்போகிறது? பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயர் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள், கண்ணொளி காப்போம் திட்டத்தில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரைதான். போன வருஷம் வரை காலையில் பள்ளியில் சாப்பிட்ட பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கலாம், இரண்டாம் பீரியடில் அவனுக்கு வரும் எரிச்சலைத் திமிர் என்று நாம் எழுதி வைத்திருப்போம்.

முதல் அடுக்கு, அதாவது தினசரி வகுப்பு

தமிழ்ப் பீரியடில் தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிப்பு: முதலில் நீங்கள் படியுங்கள், பிறகு எல்லாரும் சேர்ந்து, அப்புறம் இரண்டிரண்டு பேராக. பாடம் முடியவில்லை என்று இந்தப் பத்து நிமிடத்தை வெட்டாதீர்கள். கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், இல்லாவிட்டால் அதே நாலு கைதான் தூக்கும். பீரியட் முடியும்போது ஒரே ஒரு கேள்விக்குத் துண்டுச் சீட்டில் பதில் வாங்குங்கள், நாளைக்கு எங்கே ஆரம்பிப்பது என்று அது சொல்லிவிடும்.

நடத்தை விதிகள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், ‘செய்யாதே’ என்று இல்லாமல் ‘இப்படிச் செய்’ என்று இருக்கட்டும். சத்துணவுக்கு எப்படி வரிசையில் நிற்பது, தட்டை எங்கே கழுவி வைப்பது, பாதி வகுப்பில் வெளியே போக எப்படிக் கேட்பது, இதையெல்லாம் பாடம் மாதிரியே செய்து காட்டிச் சொல்லிக் கொடுக்க வேண்டும், பிரேயரில் ஒரு முறை மைக்கில் கத்தினால் போதாது. எல்லா ஆசிரியரும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும் என்பதுதான் இதில் கஷ்டமான பகுதி, ஸ்டாஃப் மீட்டிங்கில் சண்டை வரும், வரட்டும். அடிப்பதும் மனம் நோகடிப்பதும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை, அதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. வகுப்புக்கு வெளியே நிறுத்துவது பற்றி மட்டும் ஒன்று: கணக்கு வராத பையனுக்குக் கணக்குப் பீரியடில் வெளியே நிற்பது தண்டனையே இல்லை, அவன் கேட்டது கிடைத்துவிட்டது.

இரண்டாவது அடுக்கு

ஐந்தாறு பேர் குழு, ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்தில் நான்கு நாள், எட்டு வாரம், ஒரே ஆள். இந்த ஐந்தில் ஒன்று தளர்ந்தாலும் பலன் குறையும். நேரம் எங்கே கிடைக்கும் என்பதுதான் எல்லாரும் கேட்பது. விளையாட்டுப் பீரியடைத் தொடாதீர்கள், அந்தப் பிள்ளைக்குப் பள்ளியில் பிடித்ததே அது ஒன்றாக இருக்கும். சாயங்காலமும் வேண்டாம், பஸ் போய்விடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு 6, 7, 8 மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் அரை மணி ஒதுக்கி, அந்த நேரத்தில் எல்லாப் பிள்ளைகளும் நிலைவாரியாக இடம் மாறுவது மாதிரி டைம் டேபிள் போடுங்கள். நன்றாகப் படிக்கிறவர்கள் பெரிய குழுவாக நூலகப் புத்தகம் படிக்கட்டும், அவர்களை ஒரு ஆசிரியர் பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும், எட்டாம் வகுப்புப் பையனை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வைக்காதீர்கள், கூச்சத்தில் மறுநாளே லீவு போட்டுவிடுவான். அவனுக்கு அணில், ஆடு படப் புத்தகமும் வேண்டாம், கிரிக்கெட் செய்தியை எளிய சொல்லில் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆள் போதாவிட்டால் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இல்லம் தேடிக் கல்வியில் வேலை பார்த்த தன்னார்வலர்களிடமும் கேட்டுப் பாருங்கள், பிள்ளை படிப்பதைக் கேட்டுத் திருத்தும் வேலையை அவர்கள் நன்றாகவே செய்வார்கள்.

அரை மணியை இப்படிப் பிரிக்கலாம்: ஐந்து நிமிடம் அன்றைய துணையெழுத்து, பத்து நிமிடம் அதே குறி வரும் சொற்கள், பத்து நிமிடம் ஒரு சின்னப் பத்தியை இரண்டு மூன்று முறை படிப்பது, மீதி நேரம் நீங்கள் சொல்லச் சொல்ல ஒரு வாக்கியம் எழுதுவது.

வாரக் கடைசியில் அதே நிலையில் வேறொரு பத்தி, அதே ஒரு நிமிடம். எண்ணைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாக வையுங்கள். எடுத்துக்காட்டாக இன்று 28 சொல் படிக்கிறான், எட்டு வாரத்தில் 52 ஆக்க வேண்டும் என்றால் வாரத்துக்கு மூன்று சொல், அந்தக் கோட்டைப் பென்சிலால் முதலிலேயே இழுத்துவிடுங்கள். தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் ஏதாவது ஒன்றை மாற்றியாக வேண்டும். முதலில் அவன் எத்தனை நாள் வந்தான், குழு எத்தனை நாள் உண்மையில் நடந்தது என்று பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே பிடிபடும், ஏனென்றால் பயிற்சி வகுப்பு, தேர்தல் வேலை என்று நம்மைத்தான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களே. அப்புறம் குழுவைச் சின்னதாக்குங்கள், அதற்கும் பிறகு பாடப் பொருளை மாற்றுங்கள்.

நடத்தைக்கு இந்த அடுக்கில் தினசரி அட்டை நன்றாக வேலை செய்கிறது. காலையில் ஒரு குறிப்பிட்ட பெரியவரிடம் வந்து அட்டை வாங்க வேண்டும், இரண்டு நிமிடப் பேச்சு, சாப்பிட்டாயா, நோட்டு இருக்கிறதா என்று. அட்டையில் மூன்று இலக்கு, ஒவ்வொரு பீரியடுக்கும் 0, 1, 2 என்று ஆசிரியர் போடுவார், எட்டு பீரியடுக்கு மொத்தம் 48. பொதுவாக 80 சதவீதம், அதாவது 38 வரை போக வேண்டும் என்பார்கள், ஆனால் முதல் வாரம் 20 எடுக்கிற பையனிடம் 38 கேட்டால் இரண்டாம் நாளே கிழித்துப் போட்டுவிடுவான். 26இல் ஆரம்பியுங்கள். அந்தப் பெரியவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பி.இ.டி. சாரோ சத்துணவு அமைப்பாளரோ அவனுக்குப் பிடித்தவராக இருந்தால் போதும். அட்டை வீட்டுக்குப் போய்க் கையெழுத்தாகி வரும், பாட்டி கைநாட்டு வைத்தாலும் சரிதான். ஆனால் அட்டையைப் பார்த்து வீட்டில் அடிக்கிறார்கள் என்று தெரிந்தால் அன்றோடு அனுப்புவதை நிறுத்திவிட்டுப் பள்ளியிலேயே முடியுங்கள். பெரியவர்கள் கவனத்துக்கு ஏங்கும் பிள்ளைக்குத்தான் இது பலிக்கும். படிக்கத் தெரியாததை மறைக்கச் சேட்டை செய்கிறவனுக்கு வாசிப்புக் குழுதான் மருந்து.

மூன்றாவது அடுக்கு

வகுப்புக்கு ஒருவர், இருவர். ஒரு வாரம், சேட்டைக்கு முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று கட்டமாக மட்டும் எழுதுங்கள். ‘திமிர் பிடித்தவன்’ என்று எழுதாதீர்கள், ‘வகுத்தல் கணக்குக்குப் பலகைக்குக் கூப்பிட்டதும் பக்கத்துப் பையனைத் தள்ளினான், வெளியே அனுப்பினேன்’ என்று எழுதுங்கள். நான்கு நாளும் அதே கதை என்றால் செய்ய வேண்டியது தெரிந்துவிடும்: பலகைக்குக் கூப்பிடுவதை நிறுத்தி வைத்துவிட்டு, தினமும் தனியாக வகுத்தல், ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொல்ல ஒரு சைகை.

தினமும் தனியாகச் சொல்லிக் கொடுத்தும் வாசிப்பு நகரவில்லை என்றால் வட்டார வள மையச் சிறப்பாசிரியரைக் கூப்பிடுங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பு டிசம்பரில் ஓடாமல் இப்போதே தொடங்குங்கள், சான்று வரும்வரை உதவியையும் நிறுத்தாதீர்கள்.

சில விஷயங்களுக்கு அடுக்கு ஏறிக்கொண்டிருக்க நேரம் கிடையாது. பாலியல் தொல்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு, கல்யாணம் பேசுகிறார்கள் என்ற தகவல், இவற்றில் எது காதில் விழுந்தாலும் அன்றே குழந்தைகள் உதவி எண் 1098ஐக் கூப்பிடுங்கள். மாணவர் உதவி எண் 14417, மனநல ஆலோசனைக்கு 104. பாலியல் குற்றம் என்று தெரிந்தும் சொல்லாமல் விடுவது போக்சோ சட்டப்படி நம் மீதே குற்றம்.

கூட்டம், பெற்றோர், கடைசியில் ஒரு தாள்

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஹெச்.எம்., வகுப்பாசிரியர்கள், குழு எடுப்பவர் எல்லாரும் நாற்பது நிமிடம் உட்காருங்கள். ஒரு பிள்ளைக்கு நாலு கேள்வி: புள்ளி எங்கே இருக்கிறது, எதை மாற்றுகிறோம், யார் செய்வார், எந்தத் தேதி வரை. அவன் அப்பா என்ன வேலை, அண்ணன் எப்படி என்று கதை ஆரம்பித்தால் தாளைக் காட்டிப் பேச்சைத் திருப்புங்கள். மூன்று வாரம் தொடர்ந்து கோட்டுக்கு மேலே இருக்கிறவனை வாரத்துக்கு இரண்டு நாளாகக் குறைத்து, பிறகு விடுங்கள், திடீரென்று நிறுத்தினால் சரிந்துவிடும். பெற்றோரிடம் ‘இப்போ நிமிஷத்துக்கு 28 சொல் படிக்கிறான்மா, அரையாண்டுக்குள்ள 50 ஆகணும், ராத்திரி பத்து நிமிஷம் உங்க பக்கத்துல உட்கார்ந்து படிக்கட்டும்’ என்று எண்ணோடு சொல்லுங்கள். டியூஷன் போடச் சொல்லாதீர்கள்.

எட்டாம் வகுப்பு முடித்து உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது டி.சி. மட்டும்தான் போகிறது, நீங்கள் வருஷம் முழுக்கக் கண்டுபிடித்தது எல்லாம் இங்கேயே தங்கிவிடும். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஒரு பக்கத்தில் மூன்று விஷயம் எழுதி அங்குள்ள ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் கையில் நேரில் கொடுங்கள்: கடைசியாக எத்தனை சொல் படித்தான், எந்த உதவி பலித்தது, யாரிடம் பேசுவான். குறைகளை எழுத வேண்டாம், அதை அவர்கள் ஒரே வாரத்தில் தெரிந்துகொள்வார்கள்.