சத்தான சாப்பாடுதானே கொடுக்கிறோம், பிறகு ஏன் பிள்ளைக்குச் சூத்தைப் பல்?

என் மூத்தவனுக்கு மூன்று வயது நடக்கும்போது மேல் முன்பற்கள் ஓரத்தில் பழுப்பாகத் தொடங்கின. ரொபி, சொக்லேட் எதுவும் நாங்கள் பழக்கவில்லை. பல் வைத்தியர் முதலில் கேட்டதே, "இரவில் போத்தலை வாயில் வைச்சபடியா நித்திரை கொள்றவர்?" என்றுதான். ஆமாம், அதுவும் சீனி போட்ட பால். தூக்கத்தில் எச்சில் ஊறுவது குறைந்துவிடும், அதனால் பால் பல்லிலேயே தங்கி, வாயிலுள்ள கிருமிகள் அதிலுள்ள இனிப்பை அமிலமாக்கி இரவு முழுக்கப் பல்லைக் கரைக்கும். வெறும் பாலிலும் இனிப்பு உண்டு. பாலைக் குடிக்கவைத்து, பல் துலக்கி, பிறகு படுக்கப் போடுங்கள். இடையில் தாகமென்றால் தண்ணீர் மட்டும்.

அடுத்தது, எவ்வளவு இனிப்பு என்று மட்டும் பார்த்துவிட்டு எத்தனை தடவை என்பதை மறந்துவிடுவது. ஒவ்வொரு முறை இனிப்போ மாவோ வாய்க்குள் போன பிறகும் எச்சில் அந்த அமிலத்தை அடக்க அரை மணி, சில நேரம் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கும். பிள்ளை அழுகிறதே என்று காலையிலிருந்து ஒவ்வொன்றாக மாரி பிஸ்கட், கொஞ்சம் பணிஸ், இனிப்புத் தேத்தண்ணி என்று கொடுத்தால் பல்லுக்கு ஓய்வே இல்லை. பிஸ்கட் பல் இடுக்கில் ஒட்டிக்கொண்டு லேசில் போகவும் போகாது. ஒரு துண்டு கேக்கைச் சோறு சாப்பிட்ட கையோடு கொடுப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டி, தேன், கித்துள் பாணி கொடுத்தால் பல்லுக்கு ஒன்றும் செய்யாது என்று நம்முடைய அம்மம்மாக்கள் அடித்துச் சொல்வார்கள். கிருமிக்கு எல்லாம் ஒன்றுதான். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிர் பல்லுக்கு எவ்வளவு நல்லது, கல்சியமும் பொசுபரசும் நிறைந்தது, அதில் பாணியைக் குளமாக ஊற்றிக் கொடுக்காதீர்கள். சின்ன வயதிலேயே சோற்றோடு இனிப்பில்லாத தயிர் பழக்குங்கள். குரக்கன் கஞ்சியும் அப்படித்தான்.

மீன் விஷயத்திலும் ஒரு தவறு நடக்கிறது. கடலோரத்தில் இருக்கிறோம், தினமும் மீன், கல்சியத்துக்கு என்ன குறை என்று நினைப்போம். ஆனால் அது முள்ளில்தான் இருக்கிறது, சூரை, பாரைச் சதையில் மிகக் குறைவு. அதனால் சின்ன நெத்தலியை மொறுமொறுவென்று பொரித்து முள்ளோடு கொடுங்கள், சிறு பிள்ளையென்றால் நன்றாக நொறுக்கிச் சோற்றில் பிசைந்து. அப்புறம் முருங்கையிலைச் சுண்டல். மாலையில் டச் பே கடற்கரைக்குப் போனால் ஐஸ்பழத்துக்குப் பதிலாகக் கச்சான் வாங்கலாம், ஆனால் ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான் கொடுக்கவே வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கிவிடும்.

புளிப்பு மாங்காய், அம்பரெல்லா சாப்பிட்டவுடன் பல் துலக்க வைக்கக்கூடாது. மேற்பூச்சு அப்போது மென்மையாக இருக்கும், தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி அரை மணி பொறுங்கள்.

கடைசியாக, "விழுற பல்தானே" என்று விடுவது. ஆறு வயதளவில் எந்தப் பல்லும் விழாமலே, பால் பற்களுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்துப் பல பேர் விட்டுவிடுகிறோம், அது போனால் வேறு பல் முளைக்காது. உங்கள் பிள்ளைக்கு ஆறு வயதென்றால் இன்றைக்கே வாயைத் திறக்கச் சொல்லி ஆகக் கடைசியில் பாருங்கள்.