மருத்துவத் தொண்டு நிறுவனத்தில் சேருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளிகளின் துயரத்தைப் பார்க்கச் சகிக்காமல் இந்த வேலையை விட்டுப் போகிறவர்கள் உண்டு. ஆனால் அறிக்கை, ரசீது, நன்கொடையாளரின் நிபந்தனை என்று மல்லாடி அலுத்துப் போகிறவர்களே அதிகம் என்பது என் கணிப்பு. தொண்டு என்றால் கணக்கு வழக்கு இருக்காது என்று எண்ணிக்கொண்டு வருவது முதல் தவறு.

ஒரு நோக்கத்துக்கென்று வந்த பணத்தை இன்னொன்றுக்கு எடுக்க முடியாது. புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்த தொகை வங்கியில் கிடக்கும்; டயாலிசிஸுக்கு வழியில்லாதவரைத் திருப்பி அனுப்ப நேரும். கோபம் வரத்தான் செய்யும். அதற்காக நிர்வாகிகளைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு, சில நாட்களிலேயே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ என்ற சர்வதேச மருத்துவத் தொண்டு அமைப்பு தன் சுனாமிப் பணிகளுக்குப் போதிய நிதி சேர்ந்துவிட்டது என்று அறிவித்தது. கொடுக்க வருகிறவர்களைத் தடுப்பதா என்று விமர்சனம் எழுந்தது. வாங்கிக் குவித்துவிட்டு விழிப்பதைவிட அது நேர்மை.

எனக்கு அதிகம் உறுத்துவது தலைகளை எண்ணும் பழக்கம். முகாமில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் 180/110 என்று சீட்டில் எழுதிக் கொடுக்கிறோம். அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறார். அன்று மாலையே ‘பயனடைந்தோர்’ பட்டியலில் அவர் பெயர் ஏறிவிடுகிறது. மாத்திரை வாங்கினாரா, அழுத்தம் குறைந்ததா என்று விசாரிக்க ஆளும் இல்லை, பணமும் இல்லை. தொடர் கவனிப்புக்கான செலவைத் திட்டத்திலேயே எழுதிக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முகாமைச் சிறிதாக்குங்கள். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சையே பெரும்பாலும் ஆறு மாதம். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டவரின் வீடு தேடிப் போய்ப் பேசுகிற ஊழியர்தான் நோயை விரட்டுகிறார். ஆண்டறிக்கையின் அட்டையில் அவர் படம் வராது.

படம் என்றதும் இன்னொன்று. படுக்கையில் இருப்பவரிடம் படம் எடுக்கலாமா என்று கேட்டால் மறுக்கமாட்டார். மறுத்தால் உதவி நின்றுவிடுமோ என்ற அச்சம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சொந்தப் பணத்தை எடுத்து நீட்டுவதும் வேண்டாம். அடுத்து வருகிறவருக்கு என்ன சொல்வீர்கள்?

மனநிறைவை நன்றியில் தேடுவதும் ஏமாற்றத்தில்தான் முடியும். 1988-இல் உலகப் போலியோ ஒழிப்பு முயற்சி தொடங்கியபோது, ஆண்டுக்குச் சுமார் 3,50,000 பேர் அந்நோயால் முடங்கினார்கள். இன்று அது 99 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது. சொட்டு மருந்து கொடுத்தவர்களில் எவருக்கும், தன்னால் பிழைத்த குழந்தை எது என்று தெரியாது. அது போதும் என்று தோன்றுகிறவர்களுக்கு இந்த வேலை அள்ளிக் கொடுக்கும்.

ஆனால் சம்பளம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சேருவதற்கு முன் நிறுவனத்தின் வரவு செலவு அறிக்கையை வாங்கிப் படியுங்கள். உங்களுக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர் ஏன் போனார் என்றும் கேளுங்கள்.