பல் பிடுங்கிய பிறகு என்ன சொல்வது, யார் சொல்வது

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் பல் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் டாக்டர்களுக்கும் உதவியாளர்களுக்கும் இது. பல் எடுக்கும் முறை உங்களுக்குத் தெரியும்; நோயாளியிடம் பேசுவதை மட்டும் பார்ப்போம்.

1. "சர்க்கரை, பிரஷர் இருக்கா?" என்று கேட்டால், மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருப்பவர் "இல்லீங்க" என்றுதான் சொல்வார். "தினமும் என்ன மாத்திரை போடுறீங்க? அட்டையைக் காட்டுங்க" என்று கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை என்றால், இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

2. பத்தியத்தை மரத்துப்போகும் ஊசிக்கு முன்பே, கூட வந்தவரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டிருப்பவரால் சந்தேகம் கேட்க முடியாது.

பலரும் சறுக்குவது இங்கேதான். "புகையிலை கூடாது" என்றால் வெற்றிலை சீவல் போடலாம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லித் தடுங்கள்: வெற்றிலை, சீவல், பீடி, சிகரெட். இளநீரை ஸ்ட்ராவில் உறிஞ்சாமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்கட்டும். காபி ஆறட்டும். அன்று முழுக்கக் கொப்பளிக்கவோ காறித் துப்பவோ கூடாது. மறுநாளிலிருந்து ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்பு. காரணத்தையும் சொல்லுங்கள்: "குழியில உறைஞ்ச ரத்தம்தான் புண்ணுக்கு மூடி. அது பேந்துட்டா ரெண்டு மூணு நாள்ல வலி உயிர் போகும்."

இத்தனையும் சொல்லிவிட்டு, பல் எடுத்ததும் பழக்கத்தில் தண்ணீர் டம்ளரை நாமே நீட்டிவிடக் கூடாது.

3. "புரிஞ்சுதா?" வேண்டாம், எல்லாரும் தலையாட்டுவார்கள். "வீட்ல அக்கா கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். விட்டுப்போனது அப்போதே தெரியும்.

4. பஞ்சை 45 நிமிடம் அழுத்திக் கடிக்க வேண்டும். எச்சிலில் லேசாக ரத்தம் வந்தால் பயமில்லை. வாய் நிறைய வந்தால் புதுப் பஞ்சை அரை மணி நேரம் கடிக்கட்டும், நிற்காவிட்டால் உடனே வரட்டும். இதை அச்சடித்த தாளில் கொடுப்பதைவிட வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவதே மேல். பதிவில் உதவியாளரின் குரல் இருக்கட்டும்.

ஏனென்றால் ராத்திரி போன் வந்தால் எடுப்பவர் அவர்தான். நோயாளி எதிரில் அவரை "ஏய், இங்க வா" என்று அதட்டியிருந்தால், அவர் பேச்சை யார் மதிப்பார்கள்? பெயர் சொல்லி, 'ங்க' போட்டுப் பேசுங்கள். தவறு நடந்தால் கதவைச் சாத்திய பிறகு சொல்லுங்கள். டாக்டர் ஒன்று விட்டுவிட்டால், "சார், உப்புத்தண்ணி நாளைக்குத்தானே?" என்று உதவியாளர் கேட்கும் உரிமையும் வேண்டும்.

பிற்சேர்க்கை: குழந்தைகளைப் பற்றியும் ஒன்று. மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். உணர்ச்சி திரும்பும்வரை, பெரும்பாலும் இரண்டு மூன்று மணி நேரம், மெல்லும்படி எதுவும் கொடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் தனியாகச் சொல்லுங்கள்.