கல்வெட்டில் வாழ்க்கை வரலாறு எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியத்தன்று, சாப்பிட்டுவிட்டுப் புறப்படுகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து அனுப்புவார்கள். கல்வெட்டு என்போம். இப்போது நினைவுமலர் என்றும் போடுகிறார்கள். முதலில் படம், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, பிறகு பஞ்சபுராணம் என்ற சைவத் திருமுறைப் பாடல்கள், கடைசியில் வம்சாவளியும் நன்றி நவிலலும். இடையில் இரண்டு மூன்று பக்கம் வாழ்க்கை வரலாறு. ஆ. சதாசிவம்பிள்ளை 1886 இலேயே புலவர்களின் வரலாறுகளைப் 'பாவலர் சரித்திர தீபகம்' என்று தொகுத்து அச்சிட்ட ஊர் இது. ஆனால் தோட்டக்காரருக்கும் தையல்காரிக்கும் தபால்காரருக்கும் அச்சில் வாழ்க்கை வரலாறு வருவது பெரும்பாலும் இந்தக் கல்வெட்டில் மட்டும்தான். அதைப் போய், அச்சகத்திலிருந்து போன் வந்த பிறகு, ஒரே இரவில் எழுதிக் கொடுக்கிறோம்.

அவசரத்தில் எழுதினால் பழைய கல்வெட்டு ஒன்றைப் பார்த்துத்தான் கை ஓடும். "நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே அமையப்பெற்ற பதியிலே, சிரேஷ்ட புத்திரனாக அவதரித்து, இளமையிலேயே கல்வியில் சிறந்து விளங்கி, இல்லறத்தை நல்லறமாக நடத்தி, யாவருடனும் இன்முகத்துடன் பழகி..." பெயரை மறைத்துவிட்டு இதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து, யாரென்று கேட்டுப் பாருங்கள். சொல்லமாட்டார். பெரிய தவறு இதுதான்; மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன. புகழக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் புகழுக்கு அவர் என்ன செய்தார் என்பதை எழுதுங்கள் என்கிறேன். சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், மனேச்சராக இருந்த ஒருவரைப் பற்றி "பரோபகாரி" என்று எழுதியிருந்தார்கள். ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று மகளிடம் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கூப்பனுக்குக் கிடைக்கும் பங்கீட்டு அரிசியை எடுக்க வராத வீடுகளை ஐயா ஒரு கொப்பியில் குறித்து வைப்பாராம். பின்னேரம் கடையைப் பூட்டிக்கொண்டு சைக்கிளில் அந்த வீடுகளுக்குப் போய், படலையில் நின்றபடியே ஏன் வரவில்லை என்று விசாரிப்பாராம். இதை எழுதிய பிறகு "பரோபகாரி" தேவைப்படவில்லை.

பதவிப் பட்டியலும் இதே வகைதான். சனசமூக நிலையத் தலைவர், கோயில் பரிபாலன சபைப் பொருளாளர் என்று பத்து வரி போனால் வாசிக்கிறவர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவர் மனம் வைத்து வேலை செய்த ஒன்றை மட்டும் எடுத்து விரித்து எழுதுங்கள்.

அடுத்தது திகதிகள். இதில்தான் அதிகம் பிழைக்கிறது. சாதகக் குறிப்பில் "பார்த்திப வருடம் தை மாதம் 10" என்று இருக்கும். பார்த்திப என்றால் 1945 என்று எங்கோ பார்த்துவிட்டு அப்படியே போட்டுவிடுவார்கள். தமிழ் வருடம் சித்திரையில்தான் பிறக்கிறது. ஆகவே பார்த்திப வருடத்துத் தை வருவது 1946 இல். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஜனவரியையும் நாங்கள் தை என்றுதான் சொல்கிறோம். சாதகத்தில் உள்ள தை 10 ஜனவரி 23 அளவில் வரும். வீட்டார் சொல்லும் தை 10 ஜனவரி 10 ஆகவும் இருக்கலாம். சரி, எதை நம்புவது? பழைய அடையாள அட்டையை எடுங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்கள் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 46023 என்று தொடங்கினால் 1946 ஜனவரி 23 இல் பிறந்த ஆண். 46523 என்றால் அதே நாளில் பிறந்த பெண். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக வைத்தே எண்ணுகிறார்கள், ஆகவே மார்ச் 1 எந்த ஆண்டிலும் 61. அட்டையும் சாதகமும் ஒத்துவராவிட்டால் பிறப்புப் பதிவு பிந்தி நடந்திருக்கலாம்; மூத்த சகோதரங்கள் இருந்தால் கேளுங்கள்.

வயதானவர்களிடம் "எந்த ஆண்டு?" என்று கேட்டால் தடுமாறுவார்கள். "வீடு கட்டினது சூறாவளிக்கு முதலோ பிறகோ?" என்று கேளுங்கள். அது 1964 மார்கழி. "லைபிரரி எரிஞ்சபோது மூத்தவன் பள்ளிக்கூடம் போனவனோ?" என்றால், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த 1981 பிடிபடும். "இந்தியன் ஆமி வந்த நேரம் எங்கே இருந்தனீங்கள்?" என்றால் 1987.

"அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டால் "அவ நல்லவ, ஒருத்தரோடையும் சண்டைக்குப் போகமாட்டா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேள்வி சின்னதாக இருக்கவேண்டும். விடிய எழும்பினால் முதலில் என்ன செய்வா? கோபம் வந்தால் எப்படித் தெரியும்? காசை எங்கே வைப்பா? அல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. காணி உறுதியையும், அதாவது நிலப் பத்திரத்தையும், எடுத்துப் பாருங்கள். உறுதியில் கதை இருக்கும் என்று பலர் நினைப்பதே இல்லை. ஒரு வீட்டில் "குடும்பத்தலைவி" என்று ஒரே வரியில் முடித்திருந்த அம்மாவின் உறுதிகளைப் பார்த்தோம். சீதனமாகக் கிடைத்த காணி, அதை 1986 இல் ஈடு வைத்தது, 1991 இல் மீட்டது. மகன் வெளிநாடு போன ஆண்டும் 1986 தான். அந்த ஐந்து வருடமும் அவ எப்படி வட்டி கட்டினா என்று கேட்டபோது, வெங்காயத் தோட்டம், சீட்டு, இரவிரவாகத் தையல் என்று ஒரு வாழ்க்கையே வந்தது. பெண்களின் வரலாற்றைக் கணவரின் உத்தியோகத்தோடும் பிள்ளைகளின் பட்டங்களோடும் முடிப்பது எனக்கு மிகவும் மனவருத்தம் தருகிற தவறு. கணவர் கொழும்பில் வேலை பார்த்த எத்தனையோ வீடுகளில் இங்கே குடும்பத்தை நடத்தியவர்கள் அவர்கள்தானே?

காலத்தைச் சொல்லாமல் விடுவதும் உண்டு. 1970களின் முற்பகுதியில் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதால் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை வந்தது; 1977 க்குப் பிறகு அது விழுந்தது. ஒரு தோட்டக்காரர் கல்வீடு கட்டியதையும் பிறகு கடன்பட்டதையும் எழுதும்போது இந்த இரண்டு வரி இல்லாவிட்டால், பேரப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது.

போர்க்காலத்தை எழுதும்போது கை நடுங்கும், எனக்குத் தெரியும். அதனால்தான் "நாட்டின் அசாதாரண சூழ்நிலை காரணமாக" என்று ஒரு வரியில் இருபது வருடத்தைத் தாண்டிவிடுகிறோம். அரசியல் வரலாறு வேண்டாம். ஆனால் 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஊரே இடம்பெயர்ந்தபோது, வலிகாமத்திலிருந்து புறப்பட்டவர் எதை எடுத்துக்கொண்டார், தென்மராட்சியில் யார் வீட்டில் இருந்தார், திரும்பி வந்தபோது வீட்டில் என்ன மிச்சம் இருந்தது என்பது அவருடைய வாழ்க்கை. இறந்த பிள்ளையையோ காணாமல் போன பிள்ளையையோ பட்டியலிலிருந்து பேசாமல் விட்டுவிடாதீர்கள். எப்படி எழுதுவது என்று தாயிடமோ சகோதரங்களிடமோ கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம். உயிரோடு இருக்கிறவர்களுக்குக் கரைச்சல் தரக்கூடியதையும் அப்படித்தான் கேட்டுத் தீர்மானிக்கவேண்டும்.

அவர் மனதில் நினைத்ததை நீங்களாகக் கற்பனை பண்ணி எழுதாதீர்கள். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் போடுங்கள்.

முடிந்தால் ஆள் உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள். போனில் பதிவுசெய்தால் போதும். 31 நாளுக்குள் அழுதுகொண்டு தேடுவதைவிட அது எவ்வளவோ சுலபம். அச்சடித்த பிறகு ஒரு பிரதியை 2005 இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகத்துக்குக் கொடுங்கள். அங்கே நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள். அப்புறம், படங்களுக்குக் கீழே பெயர்களை மறக்காமல் எழுதுங்கள்: இடமிருந்து வலமாக, உறவுமுறையோடு, எடுத்த ஆண்டும் இடமும் போட்டு.