தொலைபேசி வழியே மனநல ஆலோசனை: பேரிடர்க் காலத்துக்கான செய்முறை

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அதே நாளில் மத்திய சுகாதார அமைச்சகத்தின் தொலைமருத்துவ நெறிமுறைகளும் வெளியாயின. மனநல மருத்துவத்துக்கெனத் தனி வழிகாட்டுதலை, பெங்களூரிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் இந்திய மனநல மருத்துவர் சங்கமும் அந்த ஆண்டிலேயே இணைந்து வெளியிட்டன. நேரில் மட்டுமே ஆலோசனை சொல்லிப் பழகிய என்னைப் போன்ற பலர், அந்த வாரங்களில்தான் தொலைபேசியை வைத்துக்கொண்டு இந்த வேலையைப் புதிதாகக் கற்றோம். இன்று 14416 என்ற, அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் எல்லோருக்கும் கிடைக்கிறது என்றாலும், வெள்ளமோ தொற்றோ வரும்போது தன்னார்வலர்களும் புதிய ஆலோசகர்களும் திடீரென அழைப்புகளை ஏற்க நேரிடுகிறது. இக்குறிப்பு அவர்களுக்கானது.

முதல் படி: அழைப்புக்கு முன்

சொந்த எண்ணைக் கொடுக்காதீர்கள். பணிக்கென்று தனி சிம் வைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்தக்கூடிய அறையும், எதிர்முனைக் குரல் வெளியே கேட்காதபடி காதில் மாட்டும் ஹெட்செட்டும் போதும். இவற்றைவிட முக்கியமானது ஒரு நோட்டுப் புத்தகம். நீங்கள் பேசப்போகும் பகுதியின் அரசு மருத்துவமனை, காவல் நிலையம் ஆகியவற்றின் எண்களையும், மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் எந்தக் கிழமையில் எந்த மருத்துவமனைக்கு வருகிறார் என்பதையும் அதில் முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது இணையத்தில் எண் தேடக் கூடாது.

இரண்டாம் படி: முகவரி

புதியவர்கள் பெரும்பாலும் "என்ன பிரச்சினை, சொல்லுங்கள்" என்றுதான் தொடங்குகிறார்கள். நான் அப்படித் தொடங்குவதில்லை. உங்கள் பெயரையும் தகுதியையும் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவரின் பெயர், வயது, இப்போது இருக்கும் இடம், வீட்டில் உடன் இருப்பவர்கள், இணைப்பு அறுந்தால் அழைக்க வேண்டிய இன்னோர் எண் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். "இப்போது இருக்கும் இடம்" என்று அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஆதாரில் மதுரை முகவரி இருப்பவர் ஊரடங்கில் திருப்பூர் விடுதி ஒன்றில் அடைபட்டுக் கிடக்கலாம்; 108 வண்டி ஆதார் முகவரிக்குப் போய்ப் பயனில்லை. அவரே அழைத்திருந்தால் நெறிமுறைப்படி அவர் சம்மதித்ததாகக் கொள்ளலாம். உறவினரோ சுகாதாரப் பணியாளரோ அழைத்து அவரிடம் கொடுத்திருந்தால், அவர் வாயாலேயே சம்மதத்தைக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் படி: தனிமை

ஊரடங்கில் நான் அதிகம் தடுமாறியது இங்கேதான். ஒரு பெண் கால் மணி நேரம் "ம்", "சரிங்க" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. பின்னணியில் தொலைக்காட்சிச் சத்தமும் ஓர் ஆணின் இருமலும் மட்டும் கேட்டன. அவர் பேச விரும்பவில்லை என்று நான் தவறாக எண்ணிக்கொண்டிருந்தேன். மறுநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரத்தில் அவரே அழைத்து, ஒரே அறை வீட்டில் கணவரை அருகில் வைத்துக்கொண்டு என்ன பேசுவது என்று கேட்டார். அதன் பிறகு, தனியாக இருக்கிறீர்களா என்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இல்லையென்றால், ஆம், இல்லை என்று சொன்னால் போதும் என்ற வகையில் கேள்விகளை மாற்றிக்கொள்கிறேன். யாராவது வந்துவிட்டால் சொல்வதற்கு ஒரு வாக்கியத்தையும் பேசி வைத்துக்கொள்ளலாம்; "ரேஷன் அரிசி நாளைக்குத்தான் வருமாம்" என்பது எங்களுக்குள் நன்றாகவே வேலை செய்தது.

நான்காம் படி: கேட்பது

நேரில் தலையசைத்தால் போதும். தொலைபேசியில் உங்கள் மௌனம், இணைப்பு அறுந்ததாகவே அவருக்குத் தோன்றும். ஆகவே "கேட்டுக்கொண்டிருக்கிறேன், மெதுவாகச் சொல்லுங்கள்" என்று அவ்வப்போது சொல்லுங்கள். முகம் தெரியாததால் தூக்கம், பசி, கடைசியாகக் குளித்த நாள் ஆகியவற்றை நேரடியாகக் கேட்க வேண்டியிருக்கும். காணொளி எப்போதும் மேலானது என்பதை நான் ஏற்பதில்லை. டேட்டா தீர்ந்துபோகும் கவலையும், வீட்டின் நிலை தெரிந்துவிடுமே என்ற கூச்சமும் பலரை வாயடைக்கச் செய்கின்றன.

ஐந்தாம் படி: உயிர் ஆபத்து

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று, அந்தச் சொல்லையே பயன்படுத்தித் தெளிவாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஒருவராவது கேட்டாரே என்ற ஆறுதல்தான் பலருக்கு உண்டாகிறது. ஆம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளதா என்று கேளுங்கள். கிராமத்து வீடுகளில் பூச்சிமருந்து டப்பா பற்றித் தவறாமல் விசாரித்து, வீட்டில் அவர் நம்பும் ஒருவரிடம் கொடுத்து வீட்டைவிட்டு அகற்றச் சொல்லுங்கள். ஆபத்து உடனடியானது என்றால் இணைப்பைத் துண்டிக்காமல் பேசிக்கொண்டே, இரண்டாவது தொலைபேசியிலிருந்து 108-க்கு முகவரியைச் சொல்லுங்கள். உடன் இருப்பவரைப் பக்கத்தில் அழைத்து உட்காரச் சொல்லுங்கள். உயிரைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும் இரகசியத்தை மீறலாம் என்பதை முதல் அழைப்பிலேயே சொல்லியிருந்தால், பின்னர் மனக்கசப்பு வராது.

ஆறாம் படி: மருந்து

ஆலோசகர் மருந்து பெயர் சொல்லக் கூடாது. ஏற்கெனவே சிகிச்சையில் இருப்பவரிடம் இன்னும் எத்தனை நாளுக்கு மாத்திரை உள்ளது என்று மட்டும் கேட்டு, தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரிடம் இணைத்துவிடுங்கள். லித்தியம், க்ளோசபின் ஆகிய மனநல மருந்துகளை எடுப்பவர்களுக்கு இரத்தப் பரிசோதனையும் தவறக் கூடாது. பழைய மருந்துச் சீட்டின் படத்தை மருத்துவருக்கு மட்டும் அனுப்புங்கள், குழுக்களில் போடாதீர்கள்.

ஏழாம் படி: முடிப்பது

"அப்புறம் பேசலாம்" என்று முடிக்காதீர்கள். "வியாழக்கிழமை காலை 11 மணிக்கு நானே அழைக்கிறேன், எடுக்காவிட்டால் அரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை, அப்போதும் எடுக்காவிட்டால் உங்கள் அக்காவை அழைப்பேன், சரியா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு, அக்காவின் எண்ணை ஒருமுறை வாசித்துக் காட்டிச் சரிபார்த்துவிட்டு வையுங்கள்.